மூன்று இழை வரை

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் அறை.
மேசைமேல் எட்டுக் கோர் பலகை ஒன்று,
மின்விசிறிக்கு நேர் கீழே. விசிறி எனக்கல்ல, அதற்கு.

என்ன வேலை என்று வீட்டுக்காரர் வயிரவன் கேட்டபோது
பூட்டில்லாத நிரல்
பூட்டில்லாமலும் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது என்றேன்.
இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டார்.
கானாடுகாத்தானில் அவர்கள் வீட்டு முகப்புக்குப்
பதினோரு பங்கு, பதினோரு பூட்டு.
ஒருவர் சிங்கப்பூரில் தூங்கிவிட்டால்
மற்ற பத்துப் பேரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதற்குத்தான் சார், என்றேன்,
நாங்கள் பூட்டைக் கழற்றுகிறோம்.

கெர்னலின் அடியாழத்தில்
காலிப் பக்கங்களின் அடுக்கு ஒன்று உண்டு.
யாரும் உச்சியிலிருந்து எடுக்கலாம், யாரும் வைக்கலாம்,
கேட்க ஆளில்லை.
ஒரே ஒரு நிபந்தனை:
நான் பார்த்தது இன்னும் அப்படியே இருந்தால் மாற்று,
இல்லையென்றால் மறுபடி பார்.

பத்துக் கோடி முறை ஓட்டினேன்.
பத்துக் கோடி முறையும் பிழைத்தது என்று
பெங்களூரில் இருக்கும் சிகப்பிக்கு அனுப்பினேன்.
"எந்தப் பிழைத்தது?" என்று கேட்டாள்.
தமிழில் எழுதினால் இதுதான் தொல்லை.

ஓட்டிப் பார்ப்பது வேறு,
ஒவ்வொரு வரிசையையும் பார்ப்பது வேறு.
இரண்டு இழை, ஆளுக்கு ஐந்து அடி என்றால்
பின்னிக்கொள்ளும் வழி இருநூற்று ஐம்பத்திரண்டு.
மூன்றாவது இழை வந்தால் ஏழரை லட்சம்.
நான்காவது வந்தால்
ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று கோடி.
சரிபார்ப்பான் சலிக்காது. நான் சலிப்பேன்.
சந்தை நாள் திங்கட்கிழமை, கரண்ட் போய்
இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தபோது
அது ஒன்றைக் கண்டுபிடித்தது.
பதினான்கு வரி. எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மதுரை வண்டி.
ஜன்னல் வழியே நீலக் கைக்குட்டையைப் போட்டுவிட்டு
டீக்குப் போனேன்.
திரும்பினேன். அதே ஜன்னல், அதே இருக்கை,
அதே நீலம். உட்கார்ந்தேன்.
"அது என் துண்டு" என்றாள் ஒரு பெண், கையில் குழந்தையோடு.
இருவரும் கல்லுக்கட்டியில் வாங்கியது,
மூன்று ஐம்பது ரூபாய்.
என்னுடையதை யாரோ எடுத்து, உட்கார்ந்து, இறங்கிப்போய்,
இருக்கை காலியாகி, அவள் போட்டு,
எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள்.
என் கைக்குட்டை கீழே, செருப்படி வாங்கிக் கிடந்தது.

குன்றக்குடி வரை நின்றுகொண்டே
போனில் அந்தப் பதினான்கு வரியைப் படித்தேன்.

முதல் இழை: உச்சியில் அ, அதன் கீழ் ஆ. பார்த்தது. தூங்கிவிட்டது.
இரண்டாம் இழை: அ-வை எடுத்தது. ஆ-வையும் எடுத்தது.
அ-வை மட்டும் திரும்ப வைத்தது.
முதல் இழை விழித்தது.
உச்சியில் அ. நான் பார்த்த அதே அ.
ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பி
ஆ-வை உச்சியாக்கியது.
ஆ அந்நேரம் இன்னொருவன் கையில்,
பாதி எழுதிய நிலையில்.

கண்டக்டர் என் சிரிப்பைப் பார்த்து
இன்னொரு முறை டிக்கெட் கேட்டார்.

திருத்தம் சின்னதுதான்.
உச்சியோடு ஓர் எண்ணும் ஒட்டிக்கொள்ளும்,
தொடும்போதெல்லாம் ஒன்று கூடும்.
நீலம்தான், ஆனால் ஏழாம் முறை போட்ட நீலம்.

இரண்டு இழை: பிழை இல்லை.
மூன்று இழை: பிழை இல்லை.
நான்கு இழை: வியாழன் தொடங்கி ஞாயிறு மதியம் வரை ஓடி
நினைவகம் தீர்ந்து விழுந்தது.

'சரி' என்று எழுதிவிடு, நாளைக்கு வெளியீடு என்றாள் சிகப்பி.
நான் எழுதியது:
மூன்று இழை வரை பிழை காணப்படவில்லை.
காணப்படவில்லை என்பதை
இரண்டு முறை அடித்துவிட்டு
மூன்றாம் முறை அப்படியே விட்டேன்.

பலகையில் கோர் எட்டு.
விசிறியை இன்னும் அதன் பக்கமே வைத்திருக்கிறேன்.